கட்டுண்டவனுக்கே விலை!

மனிதனுக்கு விலை உண்டா?

எவரைக் கேட்டாலும் 'இல்லை' என்பார். மேடையிலே கேட்டால் இன்னும் சற்று உரக்கவே 'இல்லை' என்பார். பண்டத்துக்கு விலை உண்டு, ஆடு மாட்டுக்கு விலை உண்டு, மனிதனுக்கு ஏதய்யா விலை என்று நம்மையே மடக்கியும் கேட்பார். ஆனால், மறுநாள் காலையில் தேநீர்க் கடையிலே அதே நண்பர், "நம் அணி அந்தப் பையனைப் பதினான்கு கோடிக்கு வாங்கிவிட்டது, யாரைக் கொடுத்துவிட்டது தெரியுமா?" என்று முகம் மலரப் பேசிக்கொண்டிருப்பார். வாங்கினார்கள், விற்றார்கள், மாற்றிக்கொண்டார்கள், விலைபோகவில்லை — இத்தனையும் சந்தைச் சொற்கள். சந்தைச் சொற்களை மனிதர்மீது ஏற்றிப் பேசுகிறோம். ஏற்றிப் பேசுகிறோம் என்பதை உணராமலே பேசுகிறோம். உணராது பேசும் சொல்லிலேதான் ஒரு சமுதாயத்தின் உள்ளெண்ணம் ஒளிந்திருக்கும். ஆகவே, அந்தச் சொற்களை உரைகல்லில் வைத்து உரசிப் பார்ப்போம்.

தாம்பரத்தைத் தாண்டி, பெருநெடுஞ்சாலையிலே தெற்கே சென்றால் வண்டலூர். அங்கே, 602 எக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855-இல் சென்னை நகரிலே தொடங்கப்பட்டு, நெருக்கடியான இடத்தில் நெடுங்காலம் இருந்துவந்த விலங்குக் காட்சிசாலை, 1985-இல் இங்கே குடிபெயர்ந்தது. இந்தப் பூங்காவுக்கும் பிற மாநிலப் பூங்காக்களுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு. இங்கே பெருகிவிட்ட விலங்கு அங்கே போகும். இங்கே இல்லாத விலங்கு அங்கிருந்து வரும். துணையின்றித் தனித்து நிற்கும் விலங்குக்குத் துணை தேடியும் மாற்றிக்கொள்வர். இதற்கும் சட்டம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலே, பின்னர்ச் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, அரிய விலங்குகளைக் கைமாற்ற மத்திய விலங்குக்காட்சிசாலை ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். அங்கீகாரம் பெற்ற காட்சிசாலைக்கு மட்டுமே கொடுக்கலாம். ஆணையத்தைக் கேட்கவேண்டும், இந்தப் பூங்காவைக் கேட்கவேண்டும், அந்தப் பூங்காவைக் கேட்கவேண்டும். ஒருவரை மட்டும் கேட்பதில்லை, புலியை! கேட்கவும் இயலாது, கேட்டாலும் விடை வராது. புலியைக் கேளாமல் மாற்றுவதைக் குற்றம் என்று நாம் கூறவில்லை. புலிக்கு வாய் இல்லை; ஆகவே, அதன் பொருட்டுச் சட்டம் பேசுகிறது. அவ்வளவே.

இனி, வாயுள்ளவர்களின் கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். வண்டலூரிலிருந்து சேப்பாக்கம் நெடுந்தொலைவன்று.

2025 நவம்பரில், சேப்பாக்கத்தைத் தாயகமாகக் கொண்ட சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. சாம்சனின் சம்பளம் 18 கோடி ரூபாய், அது மாறவில்லை. ஜடேஜாவின் சம்பளமும் அதுவரை 18 கோடிதான். கைமாறியபோது அது 14 கோடியாகக் குறைந்தது. கரனுக்கு 2.4 கோடி. ஊரெங்கும் ஒரே வாதம்: யாருக்கு இலாபம்? யாருக்கு நட்டம்? 2023 மே மாதம், ஆமதாபாத் இறுதியாட்டத்தில், கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் தேவை என்ற நிலையில், ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவரை அனுப்பலாமா என்றனர் சிலர். வயது முப்பத்தாறு, இனி எத்தனை பருவம் ஆடுவார் என்றனர் சிலர். உணர்ச்சி ஒரு தட்டிலே, கணக்கு மறு தட்டிலே!

இந்த வாதத்தின் நடுவே, பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. இதே ஜடேஜா, 2008-இலும் 2009-இலும் ராஜஸ்தான் அணியிலேதான் ஆடினார். 2010-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடக்கூடாது என்று அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. செய்த குற்றம் யாது? ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையொப்பமிடாமல், கூடுதல் ஊதியம் கிடைக்குமா என்று வேறோர் அணியிடம் தாமே பேசினார் என்பதுதான் குற்றம். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஓராண்டுத் தடை முடிந்து, 2012 ஏலத்திலே அதே மனிதரைச் சென்னை அணி 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. அன்று நாடு கைதட்டிற்று. 2025-இலே அவரைத் திரும்பவும் ராஜஸ்தானுக்கு மாற்றினர், அன்றும் கைதட்டினர்.

தோழர்களே, இந்த வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள்! முதலாளிமார் ஒரு மனிதனுக்கு விலை பேசினால் அது வாணிகம்; அந்த மனிதனே தன் உழைப்புக்கு விலை பேசினால் அது ஒழுங்கீனம்! விதியை மீறினார் என்று கூறலாம், மீறினார்தான். ஆனால், அந்த விதியை எழுதியவர் யார்? எழுதும்போது ஆட்டக்காரரை அழைத்துக் கேட்டார்களா? நாம் கேட்பது இதைத்தான்.

விலை என்பது வல்லமையின் அளவுகோல் என்று எண்ணுவோர் பலர். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை எடுத்துக்கொள்வோம். 2017 ஏலத்தில் அவருக்குத் தொடக்க விலை 10 லட்சம். போன விலை 3 கோடி. அடுத்த ஆண்டே, 2018-இல், 40 லட்சம். 2020 இறுதியில் ஆஸ்திரேலியா சென்ற அவர், ஒரே பயணத்திலே ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஆயினும், 2022-இல் பெரிய ஏலம் வந்தபிறகுதான் அவர் விலை 4 கோடி ஆயிற்று. 2024 ஏலத்தில் 10.75 கோடி. அதே மனிதர், அதே இடக்கை, அதே யார்க்கர் பந்து! மூன்று கோடி நாற்பது லட்சமாகத் தேய்ந்தபோது, கையில் ஒரு விரல் குறைந்துவிட்டதா? பத்துக் கோடி ஆனபோது மூன்றாவது கை முளைத்ததா?

இன்னொருவர், வருண் சக்கரவர்த்தி. வண்டலூருக்கு அடுத்த காட்டாங்குளத்தூரில் உள்ள பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, பின்னர்ப் பந்தைக் கையிலெடுத்தவர். 20 லட்சம் என்று தொடங்கிய ஏலம், 2018 டிசம்பரில், 8.4 கோடியில் முடிந்தது. ஓராண்டு கழித்து மறுபடியும் ஏலம், 4 கோடி. ஓராண்டிலே பாதியாகத் தேய்ந்தது அவரா, அவரைப் பற்றிய மதிப்பீடா? பின்னர் இந்தியாவின் முதன்மையான சுழற்பந்து வீச்சாளர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தது, அந்த மதிப்பீட்டுக்குக் கிடைத்த மறுப்புரை.

ஆகவே, விலை என்பது வாங்குபவனின் தேவை, பையிலுள்ள பணம், எதிரியின் போட்டி, அந்த நேரத்து அச்சம், அந்த நேரத்து ஆசை ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இதை ஏலச் சந்தையை அறிந்த எவரும் ஒப்புவர். ஆனால், நாம் சொல்ல வந்தது இதைவிட ஆழமானது. விலைக்கு இன்னோர் உறுப்பும் உண்டு. அது வெளியே தெரிவதில்லை. அதைக் காணக் கடல் கடந்து, இந்தக் கணக்கைக் கலையாகவே வளர்த்திருக்கும் நாட்டுக்குச் செல்லவேண்டும்.

அமெரிக்காவிலே பேஸ்பால் என்றோர் ஆட்டம். நம் ஊர்க் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. அங்கே ஆட்டக்காரரை அணிக்கு அணி மாற்றுவது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். 1920 சனவரியில், பேப் ரூத் என்ற பெருவீரரை பாஸ்டன் அணி நியூயார்க் அணிக்கு விற்றதாக அறிவித்தது. விலை ஒரு லட்சம் டாலர். 1962-இலே ஹாரி சிட்டி என்பவரை, 'பின்னர்ப் பெயர் குறிப்பிடப்படும் ஓர் ஆளுக்கு மாற்றாக' ஓர் அணி மற்றோர் அணிக்கு அனுப்பிற்று. சில கிழமைகள் கழித்து அந்த 'ஓர் ஆள்' யாரென்று அறிவித்தனர்: அதே ஹாரி சிட்டி! தனக்குத் தானே மாற்றாகத் திரும்பி வந்தார் அவர். கேட்டுச் சிரிக்கலாம், சிரித்த பின் சிந்திக்கலாம்.

இப்போதோ, அங்கே இது பெருங்கணக்கு. அணி அலுவலகங்களிலே கணித வல்லுநர்கள் அமர்ந்து, ஒவ்வோர் ஆட்டக்காரனின் பரிமாற்ற மதிப்பையும் நிறுத்துச் சொல்கின்றனர். அந்தக் கணக்கின் சாரம் எளிது. அவன் ஆட்டம் அணிக்கு எவ்வளவு பெறும்? அவனுக்கு எவ்வளவு கொடுக்கிறோம்? இன்னும் எத்தனை ஆண்டு அவன் நம்மிடம் கட்டுண்டிருப்பான்? முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி, மூன்றாவதால் பெருக்கு. இன்னும் பேரணியில் ஆடாத இளைஞனாயின், தேறாமல் போகக்கூடும் என்பதற்காகச் சிறிது தள்ளு. வருவதே மதிப்பு.

விளக்கத்திற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவனுடைய ஆட்டம் ஆண்டுக்குப் பத்து ரூபாய் பெறும், அவனுக்குக் கொடுப்பது இரண்டு ரூபாய், கட்டு ஐந்தாண்டு. மிச்சம் எட்டு, ஐந்தால் பெருக்கினால் நாற்பது. அவன் பரிமாற்ற மதிப்பு நாற்பது! இரண்டாமவன் அவனைவிட வல்லவன். ஆண்டுக்குப் பன்னிரண்டு பெறும். அவனுக்குக் கொடுப்பதும் பன்னிரண்டு. மதிப்பு சுழி! மூன்றாமவன் எல்லோரினும் வல்லவன், பதினைந்து பெறும், ஆனால், ஒப்பந்தம் முடிந்து எவரிடமும் கட்டுண்டில்லை. அவனை மாற்ற எவனாலும் இயலாது. ஆகவே, பரிமாற்றச் சந்தையிலே அவனுக்கு மதிப்பே இல்லை!

கண்டீர்களா? இங்கேதான் மறைந்திருந்த உறுப்பு வெளிப்படுகிறது. பரிமாற்ற மதிப்பு என்று இவர்கள் நிறுப்பது வல்லமையை அன்று. வல்லமைக்கும் கூலிக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிறுக்கின்றனர். அந்த இடைவெளி எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதை நிறுக்கின்றனர். உரிய ஊதியம் பெறுபவனுக்கு மதிப்புக் குறைவு. குறைவாகப் பெறுபவனுக்கு மதிப்பு மிகுதி. உரிமை பெற்றவனுக்கு மதிப்பே இல்லை. கட்டுண்டவனுக்கே விலை! கட்டின் நீளமே விலையின் நீளம்!

வளரும் பருவத்து இளைஞர்களுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்பதும் இதனால் விளங்கும். பேஸ்பாலில், பேரணிக்கு வந்த இளைஞன் ஆறு பருவம் ஆடி முடித்த பிறகே தன் விருப்பம்போல் அணி தேடலாம். முதல் மூன்று பருவங்களிலே பெரும்பாலும் அடிமட்ட ஊதியமே. இளைஞன் என்றால் நீண்ட கட்டு, குறைந்த கூலி. ஆகவே, அவன் 'விலைமதிப்பற்றவன்' எனப் போற்றப்படுகிறான்! போற்றுதலின் பொருளை அவன் அறியவேண்டும்.

நம் நாட்டு ஏலத்தில் நிலை சற்று வேறு. ஏலமே ஊதியத்தை உயர்த்திவிடுகிறது. 2025 டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்காக ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை, 30 லட்சம் தொடக்க விலையிலிருந்து, தலைக்கு 14.2 கோடி கொடுத்துச் சென்னை அணி எடுத்தது. 2024 ஏலத்திலோ, பதின்மூன்றே வயதான வைபவ் சூர்யவன்சியை ராஜஸ்தான் அணி 1.1 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஏப்ரலிலேயே அந்தச் சிறுவன் 35 பந்தில் நூறு அடித்தான். வறிய வீட்டு இளைஞன் ஒரே நாளில் செல்வனாவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம், அழுக்காறு கொள்ளவில்லை. எனினும், எந்த அணிக்குப் போவது என்பதில் ஏலத்திலே அவனுக்குச் சொல் இல்லை. எடுக்கப்பட்ட பின், தக்க காரணமின்றி விலகினால் இரண்டு பருவம் தடை. 2025-இல் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அந்தத் தடைக்கு ஆளானார். ஏலம் முடிந்தபின் ஓர் அணி மற்றோர் அணிக்கு ஆளை மாற்ற, ஆட்டக்காரனின் இசைவு வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது நல்ல விதி. அந்த ஒரு விதிதான் சேப்பாக்கத்தை வண்டலூரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது!

அந்த ஒரு விதிக்காக, அமெரிக்காவிலே ஒரு மனிதர் தம் வாழ்வையே ஈடு வைத்தார். அவர் பெயர் கர்ட் ஃபிளட். கறுப்பினத்தவர். செயின்ட் லூயிஸ் அணியில் பன்னிரண்டு பருவம் ஆடியவர். தொடர்ந்து ஏழு ஆண்டு, தம் இடத்தில் சிறந்த தடுப்பாளர் என்ற விருதைப் பெற்றவர். 1969 அக்டோபரில், அவரையும் வேறு மூவரையும் பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தனர். தெரிவித்தனர், கேட்கவில்லை. அன்றைய விதிப்படி, ஓர் அணியில் சேர்ந்தவன் அந்த அணி விடும்வரை அதற்கே உரியவன்; விற்றால் வாங்கியவனுக்கு உரியவன். பிடிக்காவிட்டால் ஆட்டத்தையே விட்டு வீட்டுக்குப் போகலாம். அவ்வளவே உரிமை!

ஃபிளட் போக மறுத்தார். 1969 டிசம்பர் 24-ஆம் நாள், பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார்: பன்னிரண்டு ஆண்டு ஆடிய பின்னும், தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் கூடிய உடைமையாகத் தம்மைத் தாம் கருதவில்லை என்பதே அதன் சாரம். வழக்குத் தொடர்ந்தார். பேஸ்பாலில் நிறத்தடையை 1947-இல் உடைத்த ஜாக்கி ராபின்சன் வந்து அவருக்காகச் சாட்சி கூறினார். ஆனால், அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அந்த வழக்குமன்றத்தின் பக்கம் தலைகாட்டவில்லை. அச்சம்! அடுத்த பருவத்தின் ஒப்பந்தம் என்னாகுமோ என்ற அச்சம்! 1972-இல், ஐவருக்கு மூவர் என்ற கணக்கில், உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துபோயிருந்தது.

தோற்றாரா? வழக்கில் தோற்றார். ஆனால், அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. பத்துப் பருவம் பேரணியில் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தும் ஒரே அணியில் ஆடியவனை அவன் இசைவின்றி மாற்றக்கூடாது என்ற விதி 1973-இல் வந்தது. 1975 டிசம்பரில், வேறு இரு ஆட்டக்காரரின் முறையீட்டில், நடுவர் அளித்த முடிவு அந்தப் பழைய விலங்கையே உடைத்தது. உடைத்தது அவர்களுடைய சங்கம். தனி ஒருவர் கொடுத்த விலையைக் கூட்டு வலிமை வெற்றியாக மாற்றிற்று. நம் நாட்டிலோ, 2019-இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று களத்தில் ஆடுபவர்கள் ஒன்றுகூடி ஒப்பந்தம் பேச, அவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை. தனி மரம் தோப்பாகாது. கோடிகள் காய்த்தாலும் ஆகாது!

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "கோடி கோடியாக வாங்குகிறவனுக்காகவா கண்ணீர் வடிக்கிறீர்? கூலிக்காரனைப் பற்றிப் பேசுங்கள்!" என்பார். ஃபிளட்டிடமும் இதையே கேட்டனர். அவர் ஆண்டுக்கு 90,000 டாலர் பெற்றவர். நல்ல கூலி வாங்கினாலும் அடிமை அடிமையே என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். நாம் அந்த அளவுக்கும் செல்லவேண்டியதில்லை. சவுக்கடி பட்டவனின் துயரையும், சொகுசு விடுதியில் தங்குபவனின் மனக்குறையையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையன்று. கோடி வாங்குபவருக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அவர் வாயிலாக ஓர் உண்மையைக் காண்கிறோம். ஊரறியப் புகழும் பணமும் பெற்றவனுக்கே 'என்னைக் கேட்டீர்களா?' என்று கேட்கும் உரிமை இத்தனை அரிதாயின், பெயரறியாத கூலிக்காரனின் கதி என்ன?

கூலிக்காரனைப் பற்றியே பேசுவோம். இந்தத் தராசு தமிழனுக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலே, ஆண்களும் பெண்களும் கோயில்களுக்கு விற்கப்பட்ட செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆளை எழுதிக் கொடுக்கும் ஓலைக்கு 'ஆளோலை' என்று அழகான பெயரும் இருந்தது! 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பில்லை என்றது; பெயர் போயிற்று, பழக்கம் போகவில்லை. கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களிடையே, 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்க இசைகிறோம் என்று தோட்டத்துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குச் செல்வார். வேறொரு துரை அந்தத் தொகையைக் கட்டி, கூட்டத்தோடு அவர்களை ஏற்றுக்கொள்வார். கடன் தீர்ந்ததா? இல்லை, கடன்காரன் மாறினான்! தோட்டம் மாறிற்று, துரை மாறினார், கட்டு மட்டும் மாறவில்லை. 1921-இலேதான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அணி விட்டு அணி மாறும் கணக்குக்கும், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய கணக்குக்கும் தொகையிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு, வாய்பாடு ஒன்றே!

அந்தத் தோட்டத் தமிழரின் மக்களையும் பேரர்களையும் பின்னர் இரு அரசுகளே நிறுத்துப் பங்கிட்டன. 1964 அக்டோபரில், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினர். 1974-இல் அந்த எச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்து, ஆளுக்கு 75,000 என்றனர். தேயிலைப் பெட்டியைப் பிரிப்பதுபோல் தலைகளைப் பிரித்தனர்! அந்தத் தலைகளுக்குள்ளே சிந்தை உண்டு, அந்தச் சிந்தைக்குள் ஊர் உண்டு, உறவு உண்டு என்பதை எவர் கேட்டார்? பங்கு போடப்பட்டவர்களைக் கேட்டுப் போட்ட பங்கன்று அது.

எனவே, கேட்டால் போதும், இசைந்தால் போதும் என்று முடித்துவிடலாமா? அதுவும் போதாது. பட்டினி கிடப்பவன் எதற்கும் இசைவான். கைநாட்டு வைத்தான் என்பதற்காகக் கொத்தடிமை கொத்தடிமை அல்லாமல் போய்விடுவானா? இதற்கு விடை தந்ததும் ஒரு விளையாட்டை ஒட்டி எழுந்த வழக்கே. 1982-இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடங்களை எழுப்பிய தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை என்ற முறையீடு உச்சநீதிமன்றம் சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க ஒருவன் முன்வருகிறான் என்றால், அவனை உந்துவது பசியும் வறுமையும்; ஆகவே அது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் கூறிற்று. ஆட்டக்காரன் ஓடும் திடலைச் சமன் செய்தவன் பெற்றுத் தந்த தீர்ப்பு அது! பசி பிடரியைப் பிடித்துத் தள்ளும்போது தலை அசைவது இசைவு ஆகாது.

இவ்வளவும் கூறியபின், ஏலத்தையே ஒழிக்கவேண்டும் என்பதா நம் முடிவு? அன்று. திறமையை அளப்பது குற்றமன்று. அளக்காவிட்டால், சாதியும் சலுகையும் அறிமுகக் கடிதமும் அந்த இடத்தில் வந்து அமர்ந்துவிடும். நெசவுத் தொழிலாளியின் மகனான நடராஜனைச் சின்னப்பம்பட்டியிலிருந்து வெளியே கொண்டுவந்தது அளவுகோல்தான், ஆள்பலம் அன்று. உழைப்புக்கு விலை பேசாமல் உலகம் நடவாது. நாம் வரையவேண்டிய கோடு ஒன்றே. விலை உழைப்பின்மீது நிற்கிறதா, உழைப்பவன்மீது ஏறிவிடுகிறதா என்று பார்க்கவேண்டும்.

அதை அறிய மூன்று கேள்விகள் போதும். அவனைக் கேட்டார்களா? மறுத்தால் பட்டினி என்ற நிலையில் இல்லாமல், மறுக்கவும் கூடிய நிலையில் வைத்துக் கேட்டார்களா? அவன் உழைப்பால் எவ்வளவு வருகிறது, அவனுக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கு அவனுக்குத் தெரியுமா, அதைப் பேச அவன் பக்கம் ஆள் உண்டா? கட்டுக்கு ஒரு முடிவு நாள் உண்டா, அந்த நாள் வந்ததும் அவன் தன் கால் போன வழியே போகலாமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது ஒப்பந்தம். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், கோடி கொடுத்தாலும் அது ஆளோலை.

இந்த மூன்று கேள்விகள் மட்டையும் பந்தும் பிடிப்பவர்களுக்கு மட்டும் உரியவையல்ல. தாம்பரம் தொடங்கி வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வரை, பெருநெடுஞ்சாலையின் இருமருங்கும் கல்லூரிகள், தொழிற்சாலைகள், அலுவலகங்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே வந்து சேர்கின்றனர். அவர்களும் தேறுவர் என்று எதிர்பார்த்து எடுக்கப்படும் ஆட்டக்காரர்களே! இத்தனை ஆண்டு விலகக்கூடாது, விலகினால் இத்தனை லட்சம் கட்டவேண்டும் என்று எழுதி வாங்கும் இடங்கள் உண்டு. மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஒரே எந்திரத்தின் இருபுறமும் நின்று ஒரே வேலை செய்யும் இருவருள், ஒருவன் நிரந்தரப் பணியாளன், மற்றவன் ஒப்பந்தக்காரரின் ஆள் என்ற நிலையும் உண்டு. அவர்களுடைய ஊதியத்தில் உள்ள இடைவெளியே அந்த இரண்டாமவனின் 'மதிப்பு'. அவன் விரும்பப்படுவது வல்லவன் என்பதாலா, மலிந்தவன் என்பதாலா? கையொப்பமிடும்முன் இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு நம் இளைஞர்க்கு வேண்டும். தனியே கேட்க அஞ்சினால், கூடிக் கேட்கும் அறிவு வேண்டும்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். ஏலக் காட்சியைக் கண்டு முகம் சுளிக்கும் படித்த இளைஞன், தன் திருமணம் என்று வரும்போது எப்படி நடந்துகொள்கிறான்? பட்டம் இன்னது, பணி இன்னது, வருங்கால ஊதியம் இன்னது என்று பெற்றோர் அவனை நிறுத்து, இத்தனை பவுன் என்று விலை கூறும்போது, வாய் மூடி நிற்கிறானே! 1961-லேயே சட்டம் தடுத்துவிட்ட விற்பனை அது. ஆட்டக்காரனாவது தன் ஆட்டத்துக்கு விலை பெறுகிறான். இவன் எதற்கு விலை பெறுகிறான்? அந்தப் பேரத்தில் பணம் கொடுப்பது பெண் வீடு. கட்டுண்டு போவதும் பெண். இத்தகைய கணக்கை எந்தச் சந்தையிலும் காணமுடியாது!

இனிச் சொற்களையாவது திருத்திக்கொள்ளலாம். ஏலத்தில் அழைக்கப்படாத இளைஞனை 'விலைபோகாதவன்' என்கிறோம். பத்தாண்டு வெயிலில் ஓடி உழைத்தவனைக் குறிக்க நமக்குக் கிடைத்த சொல் அதுதானா? விலைபோகாதவன் என்பது வசைச்சொல் அன்று. நம் தமிழிலே அது பாராட்டுச் சொல்! எவர்க்கும் விலைபோகாத எழுத்தாளன், எதற்கும் விலைபோகாத தலைவன் என்றுதான் நாம் புகழ்ந்து வந்திருக்கிறோம். அந்தச் சொல்லின் பழைய மானத்தை அதற்கு மீட்டுக் கொடுப்போம்.

வண்டலூர்ப் புலி, எங்கே அனுப்பினாலும் போகும். அதன் பெருமை அதன் வரியிலே இருக்கிறது. மனிதனின் பெருமை, 'என்னைக் கேட்டீர்களா?' என்ற ஒரு சொற்றொடரிலே இருக்கிறது. அதைக் கேட்பவனுக்குச் சந்தையிலே மதிப்புக் குறையலாம். சமுதாயத்திலே அதனால்தான் மதிப்பு. ஆற்றலுக்கு விலை பேசுவோம், ஆளுக்குப் பேசோம்!